முளைக்கும் மைக்ரோகிரீனுக்கும் அடியில் எதைப் போடுவது?

முள்ளங்கி விதையை ஈரத்துணியில் வைத்தாலும் முளைக்கும். மணலில் தூவினாலும் முளைக்கும். வெறும் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து மூடி வைத்தாலும் இரண்டு நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்துவிடும். பிறகு எதற்குத் தென்னை நார்க்கழிவு, பீட் பாசி, பெர்லைட், சணல் விரிப்பு என்று இத்தனை பொருட்கள்? வீட்டில் மைக்ரோகிரீன், அதாவது இளம் நாற்றாகவே வெட்டிச் சாப்பிடும் கீரை, வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எந்த விதை வாங்குவது என்பதைச் சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறார்கள். அதை எதன் மேல் தூவுவது என்று வரும்போது ஆளுக்கொரு யோசனை கிடைக்கிறது. விதைக்கு அடியில் போடும் இந்தப் பொருளைத்தான் ஊடகம் என்கிறார்கள்.

செடி வளர்ப்பு என்றாலே 'மண்ணில் சத்து இருக்கிறதா' என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். பத்து நாளில் வெட்டி எடுக்கப்போகிற பயிருக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் தேவைப்படாது. இந்தப் பொருள் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கிறது, வேருக்குக் காற்று போக எவ்வளவு இடம் விடுகிறது என்று கேளுங்கள். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் கடையில் இருக்கும் எந்தப் பொருளையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

முளைக்கு ஊடகமே வேண்டாம்

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். முளைகட்டிய பயறு என்றால் விதை, வேர், தண்டு எல்லாவற்றையும் சேர்த்து முழுதாகச் சாப்பிடுவது. மூன்று முதல் ஆறு நாளில் தயாராகிவிடும், வெளிச்சம் வேண்டாம். மைக்ரோகிரீன் 7 முதல் 14 நாள் எடுக்கும், சில வகைகள் மூன்று வாரம்கூட எடுக்கும். விதையிலிருந்து முதலில் வரும் வித்திலைகள் நன்றாக விரிந்து, முதல் உண்மையான இலை தலைகாட்டும் நேரத்தில் தண்டை மட்டும் வெட்டி எடுக்கிறோம். வேரும் விதைத் தோலும் கீழேயே நின்றுவிடும்.

வேரோடு சாப்பிடப்போகிற ஒன்றை நார்க்கழிவிலோ மண்ணிலோ வளர்த்தால், அதை எவ்வளவு கழுவினாலும் துகள் போகாது. அதனால் முளைக்கு ஒரு கண்ணாடி ஜாடி, அதன் வாயில் கட்ட வலைத்துணி, இவ்வளவுதான் வேண்டும். விதையை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, ஜாடியைச் சாய்வாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். தினமும் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு முறையும் முழுக்க வடியவிடவேண்டும். ஈரத்துணியில் கட்டி வைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். முளை கட்டும் சூழல், அதாவது வெதுவெதுப்பும் ஈரமும், சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்கும் பிடித்த சூழல். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிருமி பெரும்பாலும் விதையோடுதான் வரும், அதனால் பாத்திரத்தைச் சுத்தமாக வைப்பது மட்டும் போதாது. சாப்பிடுவதற்கென்று விற்கும் விதையை மட்டும் வாங்குங்கள். விதைப்பு விதைகளில் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சணக்கொல்லி போன்ற மருந்து கலந்ததற்கான அடையாளம். அந்த விதையை முளைக்கும் மைக்ரோகிரீனுக்கும் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் முளையை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடவேண்டும்.

சியா, துளசி, ஆளி போன்ற சில விதைகள் ஜாடிக்கு ஒத்துவராது. தண்ணீர் பட்டதும் தங்களைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு பசையை உருவாக்கிக்கொள்ளும். ஜாடியில் போட்டால் எல்லாம் ஒரே கூழாகச் சேர்ந்து அழுகும். இவற்றை மைக்ரோகிரீனாக வளர்ப்பதுதான் சரி.

இனி பேசப்போவது எல்லாம் மைக்ரோகிரீனைப் பற்றி.

விதை தன் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவருகிறது

பட்டாணி விதையை ஊறவைத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இருக்கும் இரண்டு பருப்புகள்தான் அதன் வித்திலைகள். மாவுச்சத்தும் புரதமும் அதில் அடைந்திருக்கின்றன. செடி வெளிச்சத்தில் பச்சை பிடித்துத் தானே உணவு தயாரிக்கும்வரை அந்தச் சேமிப்பில்தான் ஓடுகிறது. முள்ளங்கி, கடுகு, ப்ரோக்கோலி விதைகள் சிறியவை என்றாலும், அவற்றின் சேமிப்பும் வித்திலை விரியும்வரை தாராளமாகப் போதும். நாம் அறுவடை செய்வதும் அந்தப் பருவத்தில்தான்.

அதனால்தான் சத்தே இல்லாத நார்க்கழிவிலும், வெறும் காகிதத்திலும்கூட நல்ல மைக்ரோகிரீன் வருகிறது. 'ஊட்டச்சத்து நிறைந்த கலவை' என்று எழுதிய மூட்டைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு விலக்கு, மெதுவாக வளரும் வகைகள். துளசி, தண்டுக்கீரை வகைகள், பீட்ரூட், கொத்தமல்லி ஆகியவை இரண்டு மூன்று வாரம் ட்ரேயில் நிற்கும். உண்மையான இலை வரும்வரை விட்டுவைக்க நினைத்தால் இவற்றுக்குக் கொஞ்சம் சத்து உதவும். அப்போதும் நன்கு நீர்த்த திரவ உரமோ, கலவையில் சிறிதளவு மண்புழு உரமோ போதும்.

இலை மஞ்சளாக இருந்தால் உடனே உரத்தைத் தேடாதீர்கள். வெளிச்சம் போதாமல் இருக்கலாம், அல்லது வேர் தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். இரண்டாவது காரணத்தை நான் அதிகம் சந்தேகிப்பேன். ஊடகத் தேர்வின் மையமே அங்கேதான் இருக்கிறது.

ஆழமில்லாத ட்ரேயின் சிக்கல்

வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். அது சுவாசித்தால்தான் வளரமுடியும். ஊடகத்தில் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் காற்று இருந்தால் ஆக்சிஜன் எளிதாக வந்துசேரும். அந்த இடைவெளியைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். வேர் பழுப்பாகும், புளித்த வாடை வரும், அழுகல் பூஞ்சைக்கு வழி திறக்கும்.

'ட்ரேயில்தான் துளை இருக்கிறதே, தண்ணீர் வடிந்துவிடாதா?' என்று கேட்கலாம். முழுக்க வடியாது. இதைப் புரிந்துகொள்ள பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்று போதும். புதிய ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நன்றாக முக்கி, படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்ற பிறகு அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், துளைகளும் அதேதான், உயரம் மட்டும் மாறியிருக்கிறது.

நடப்பது இதுதான். நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கின்றன, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரம்வரை பிடிப்பே ஜெயிக்கும். எவ்வளவு துளை போட்டாலும் அந்த உயரம்வரை நீர் நிரம்பியே இருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமன். பாத்திரம் எவ்வளவு ஆழம் என்பதற்கு அதில் பங்கில்லை. ஒரு பொருளில் அந்த உயரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. தொட்டியில் அந்தப் பொருளை நிரப்பினால் மேலே 18 செ.மீ. காற்றோட்டமாக இருக்கும், செடி சந்தோஷமாக வளரும். அதையே 3 செ.மீ. ட்ரேயில் பரப்பினால் காற்றோட்டத்துக்கு மிஞ்சுவது 1 செ.மீ. மட்டும்.

தோட்டத்துத் தொட்டியில் அருமையாக வேலை செய்யும் மண் கலவை மைக்ரோகிரீன் ட்ரேயில் சொதப்புவது இதனால்தான். அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. நுண்ணிய மண்ணுக்கு அடியில் பெரிய கல் இருந்தால், தண்ணீர் மண்ணை விட்டுக் கல்லுக்குள் இறங்கத் தயங்கும். நீர் தேங்கும் அடுக்கு அப்படியே மேலே ஏறி, இருக்கும் கொஞ்ச ஆழத்தையும் தின்றுவிடும். ஆழமற்ற ட்ரேக்கு வேண்டியது தானே காற்றோட்டமாக இருக்கும் பொருள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*தென்னை நார்க்கழிவு.* முதல் ட்ரேக்கு எது என்று கேட்டால் நான் கைகாட்டுவது இதைத்தான். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் தூளும் குட்டை நாரும் சேர்ந்ததுதான் இது. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டும் காற்றுக்கு இடம் விடும். காய்ந்துபோனாலும் மறுபடி தண்ணீரைச் சுலபமாக உறிஞ்சும், களைவிதைத் தொல்லை கிடையாது, எடையும் குறைவு. அமில காரத் தன்மை (pH) ஏறத்தாழ 5.5 முதல் 6.8 வரை இருக்கும், அது இந்தச் செடிகளுக்குப் பொருத்தமானது.

அமுக்கிய செங்கல்லாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும். 650 கிராம் கட்டி ஒன்று மூன்று நான்கு லிட்டர் தண்ணீரைக் குடித்து 8 அல்லது 9 லிட்டர் அளவுக்குப் பொங்கும். 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளமுள்ள ட்ரேயில் 2.5 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப 1.5 லிட்டர் வேண்டும். ஒரு கட்டி ஐந்து ட்ரேக்குத் தாராளமாக வரும். கணக்குப் போட்டு வாங்கினால் 5 கிலோ கட்டியை வாங்கி மூலையில் போட்டு வைக்கும் நிலை வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் கட்டி சீக்கிரம் உடையும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரே பெரிய விஷயம் உப்பு. மட்டையை உப்புநீரில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் சோடியமும் குளோரைடும் தூளில் தங்கிவிடும். பொட்டாசியம் இயல்பாகவே அதிகம். உப்பு மிகுந்த தூளில் விதை சீராக முளைக்காது, வேர் நுனி பழுப்பாகக் கருகி நின்றுவிடும். பையில் 'கழுவியது' என்றோ 'குறைந்த இ.சி.' என்றோ எழுதியிருந்தால் நல்லது. இ.சி. என்பது மின்கடத்துத்திறன், உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் அளவு. அது 1 மில்லிசீமென்ஸுக்குக் கீழ் இருக்கவேண்டும், 0.5-க்குக் கீழ் என்றால் இன்னும் நல்லது. எதுவும் எழுதாத கட்டியை வாங்கிவிட்டீர்களா? வாளியில் ஊறவைத்து, துணியில் கொட்டி, பழுப்பு நீரைப் பிழிந்துவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். மூன்று முறை செய்தால் உப்பில் பெரும்பகுதி போய்விடும். சலிப்பான வேலைதான், ஆனால் ட்ரேயில் பாதி விதை முளைக்காமல் கிடப்பதைவிட மேல்.

கழுவிய தூளை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் எட்டிப்பார்க்கவேண்டும். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். ஓடையாக வழிந்தால் ஈரம் அதிகம், இன்னும் பிழியவேண்டும். பிடிக்கும்போதே உதிர்ந்தால் குறைவு. எந்தத் தூள் வகை ஊடகத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

*பீட் பாசி.* சதுப்பு நிலங்களில் ஸ்பாக்னம் பாசி மக்கி அடுக்கடுக்காகப் படிந்தது. முளைப்புக்குத் தரமான பொருள் என்பதில் சந்தேகமில்லை, உலகம் முழுக்க நாற்றுப் பண்ணைகள் நீண்டகாலமாக நம்பியிருப்பதும் இதைத்தான். இயல்பில் அமிலத்தன்மை அதிகம், pH 3.5 முதல் 4.5 வரை. அதனால் சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்த கலவையாகத்தான் வாங்கவேண்டும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும், மேலே ஊற்றினால் உருண்டு ஓரமாக ஓடிவிடும்.

எனக்கு இதில் உள்ள தயக்கம் வேறு. சதுப்பு நிலத்தில் பீட் ஆண்டுக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் சேர்கிறது. ஒரு மீட்டர் ஆழம் வெட்டி எடுத்தால் அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு. இந்த நிலங்கள் பூமியின் நிலப்பரப்பில் 3 சதவீதம்தான், ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனைப் பூட்டி வைத்திருக்கின்றன. பத்து நாள் பயிருக்காக அதைத் தோண்டுவது எனக்கு ஒப்பவில்லை. நார்க்கழிவு அதே வேலையைச் செய்கிறது.

*தோட்டத்து மண்.* வேண்டாம். களிமண் பாங்கான மண் ஆழமற்ற ட்ரேயில் சேறாகி இறுகும். களைவிதையும் பூஞ்சை வித்துகளும் கூடவே வரும். பச்சையாகச் சாப்பிடும் இலையில் மண் தெறித்து ஒட்டும்.

*மண்புழு உரமும் கம்போஸ்டும்.* தனியாகப் போடாதீர்கள். ஈரத்தில் இறுகிப்போகும், உப்புச் செறிவும் கூடுதல். நார்க்கழிவோடு பத்தில் ஒரு பங்கு, மெதுவாக வளரும் வகைகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரை கலந்தால் போதும். முழுமையாக மக்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். நன்கு மக்கிய உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை இருக்கும். அமோனியா நெடியோ சாண வாடையோ வந்தால் ஒதுக்கி வையுங்கள். அரைகுறையாக மக்கிய எருவில் நோய்க்கிருமி மிச்சமிருக்கலாம், மைக்ரோகிரீனை நாம் வேகவைப்பதும் இல்லை. இன்னொரு தொல்லை, மக்கிய பொருளைத் தேடி வரும் குட்டிக் கருப்பு ஈக்கள். வீட்டுக்குள் ட்ரே வைப்பவர்களுக்கு அது பெரிய எரிச்சல்.

*பெர்லைட், வெர்மிகுலைட்.* பெர்லைட் ஒருவகை எரிமலைக் கண்ணாடி. 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, கல் சோளப்பொரிபோல் உப்பிவிடும். கலவையில் காற்றைக் கூட்டும். வெர்மிகுலைட் மைக்கா போன்ற அடுக்குக் கனிமம், அதையும் சூடாக்கித்தான் விரிக்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். தூவிய சிறு விதைகளின்மேல் மெல்லிசாக வெர்மிகுலைட் தூவினால் ஈரம் காயாமல் காக்கும். பெர்லைட் கலந்த ட்ரேயில் வெள்ளை மணிகள் மேலே மிதந்து வந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும், வெட்டும்போது இலையோடு கலக்கும். நார்க்கழிவு கொஞ்சம் முரடாக இருந்தாலே காற்றோட்டம் போதும் என்பதால், வீட்டு ட்ரேக்கு நான் பெர்லைட் சேர்க்கச் சொல்வதில்லை. இரண்டிலும் தூசு பறக்கும். கையாளும்போது முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு கொட்டுங்கள்.

*விரிப்புகள்.* சணல், தென்னை நார், மரநார், ஹெம்ப் என்று பல வகையில் வருகின்றன. சமையலறை மேடையில் துகள் சிந்தக்கூடாது என்று நினைப்பவர்களுக்கு இவை வரப்பிரசாதம். ட்ரே அளவுக்கு வெட்டி, ஊறவைத்து, விரித்து, மேலே விதை தூவினால் வேலை முடிந்தது. அறுவடையும் சுத்தம். முள்ளங்கி, கடுகு, ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ் போன்ற சுறுசுறுப்பான சிறு விதைகள் இதில் நன்றாக வரும்.

குறை என்னவென்றால், விரிப்பில் தண்ணீர் இருப்பு மிகக் குறைவு. 2.5 செ.மீ. நார்க்கழிவு உள்ள ட்ரேயை ஒருநாள் மறந்தாலும் தாங்கும், விரிப்பு தாங்காது. காலையும் மாலையும் பார்க்க முடிந்தவர்கள் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய விரிப்பாக இருந்தால் இரண்டு அடுக்கு போடலாம். பட்டாணி, சூரியகாந்தி போன்ற பெரிய விதைக்கு விரிப்பு சரிவராது. அவற்றின் தடித்த வேர் உள்ளே நுழைய முடியாமல் விதையையே மேலே தூக்கிவிடும், செடி சாய்ந்து படுத்துவிடும்.

பழைய சணல் சாக்கை வெட்டி விரிப்பாகப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். சணல் நூற்கும்போது நாரை மென்மையாக்கக் கனிம எண்ணெய் சேர்ப்பது வழக்கம், சாதாரணச் சாக்கில் அந்த எண்ணெய் தங்கியிருக்கும். உணவுப்பயிர் வளர்ப்பதற்கென்று விற்கும் விரிப்பையே வாங்குங்கள்.

*காகிதமும் பஞ்சும்.* அச்சடிக்காத, வாசனை சேர்க்காத தடித்த டிஷ்யூவை மூன்று நான்கு அடுக்காக மடித்துப் போட்டால் ஒரு சின்ன டப்பாவில் கடுகு வளர்த்துவிடலாம். குழந்தைகளுக்குக் காட்ட, புதிய விதைப்பொட்டலத்தின் முளைப்பைச் சோதிக்க மிக நல்லது. தினசரி வளர்ப்புக்கு அலுப்பூட்டும். சீக்கிரம் காயும், அல்லது ஒரேயடியாகச் சொதசொதக்கும், வெட்டும்போது காகிதத் துணுக்கு கூடவே வரும்.

*ராக்வூல்.* பாறையை உருக்கி இழையாக்கியது. காரப்பாங்கானது என்பதால் சற்று அமிலமாக்கிய தண்ணீரில் ஊறவைத்துத்தான் பயன்படுத்தவேண்டும். கையில் அரிக்கும், மக்காது. மண்ணில்லாமல் சத்துநீரில் செடி வளர்க்கும் பெரிய ஹைட்ரோபோனிக் பண்ணைகளுக்கு அதன் பயன் வேறு, வீட்டுக்கு அதை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எந்த விதைக்கு எது

விதையின் பருமனைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். பட்டாணி, சூரியகாந்தி, பச்சைப்பயறு போன்ற பெரிய விதைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, 3 அல்லது 4 செ.மீ. நார்க்கழிவில் விதையுங்கள். வேர் இறங்க ஆழமும், நிமிர்ந்து நிற்கப் பிடிமானமும் வேண்டும். சூரியகாந்தியில் ஒரு கூடுதல் விஷயம் இருக்கிறது. அதன் ஓடு வித்திலையின் நுனியில் தொப்பி மாட்டியதுபோல் நின்றுவிடும், ஒவ்வொன்றாக உருவி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். விதைக்குமேல் மெல்லிசாக நார்க்கழிவு மூடி, அதன்மேல் ஒரு காலி ட்ரேயும் அதில் ஒரு கனமான பொருளும் இரண்டு மூன்று நாள் வைத்தால், முளை அந்தப் பாரத்தை முட்டித் தள்ளி எழும்போது ஓடு பெருமளவு கழன்றுவிடும். விரிப்பில் இந்த உதவி கிடைக்காது.

முள்ளங்கியும் கடுகுக் குடும்பத்தின் மற்ற விதைகளும் 2 செ.மீ. நார்க்கழிவிலோ விரிப்பிலோ, எதில் போட்டாலும் வரும். ஊறவைக்க வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முள்ளங்கியில் தொடங்கினால் ஊடகம் சரியா இல்லையா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். பசை விடும் சியா, துளசி போன்றவற்றைக் கண்டிப்பாக ஊறவைக்கக் கூடாது. ஈரமான சமதளத்தில் அடர்த்தி குறைவாகத் தூவி, மேலே தண்ணீர் தெளித்தால் பசையே விதையை ஒட்டவைத்து ஈரத்தையும் காக்கும். மெல்லிய விரிப்பும் காகிதமும்கூட இவற்றுக்குப் பொருந்தும். கீரை விதை மிகப் பொடி. அது முரட்டு நாருக்கு இடையில் விழுந்து காணாமல் போகும். நார்க்கழிவைச் சலித்து, நயமான தூளை மேற்பரப்பில் மட்டும் அரை செ.மீ. போட்டுக்கொள்ளுங்கள்.

நிரப்பும்போது கையால் இறுக்கி அமுக்காதீர்கள். மேடுபள்ளம் போகும்படி ஒரு அட்டையால் லேசாகத் தட்டினால் போதும். மேடுபள்ளம் இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அங்கேதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். துளையுள்ள ட்ரேயைத் துளையில்லாத இன்னொரு ட்ரேக்குள் வைத்து, முளைவிட்ட பிறகு அடி ட்ரேயில் தண்ணீர் ஊற்றுங்கள். ஊடகம் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இருபது நிமிடத்துக்குப் பிறகும் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இலை நனையாததால் அழுகல் குறையும், துகளும் மேலே தெறிக்காது. ட்ரேயைத் தூக்கிப் பார்த்து எடையை வைத்தே தண்ணீர் தேவையா என்று கண்டுபிடிக்கும் பழக்கம் சில நாளில் வந்துவிடும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை

மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் முள்ளங்கி வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்ததுபோல் இருக்கும். ட்ரேயையே தூக்கிக் குப்பையில் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக, குறுகிய இழைகளாக நிற்கிறதா? ஸ்ப்ரேயரால் தண்ணீர் தெளித்தால் படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறதா? அப்படியானால் அவை வேர்த்தூவிகள், நல்ல வளர்ச்சியின் அடையாளம். பூஞ்சை இப்படி ஒழுங்காக இருக்காது. விதையிலிருந்து விதைக்கு ஒட்டடைபோல் குறுக்கே படரும், ஊடகத்தின் மேலும் பரவும், தண்ணீர் பட்டாலும் இருக்கும், முகர்ந்தால் பூஞ்சக்காளான் வாடை வரும்.

உண்மையில் பூஞ்சை என்றால் ஊடகத்தை மாற்றுவதற்கு முன் வேறு மூன்றைப் பாருங்கள்: விதை மிக நெருக்கமாக விழுந்திருக்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா. தண்டு தரையோடு ஒட்டிய இடத்தில் மெலிந்து கொத்துக்கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வாழ் கிருமிகளின் வேலை. அந்த ட்ரேயைக் காப்பாற்ற முயல வேண்டாம், அதன் ஊடகத்தை மறுபடி விதைப்புக்குத் தொடவும் வேண்டாம்.

புதிய ஊடகம் ஏதாவது கிடைத்தால், பெரிய ட்ரேயில் இறங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். இரண்டு டப்பா எடுத்து, ஒன்றில் புதிய பொருள், மற்றதில் ஈரமான டிஷ்யூ. இரண்டிலும் ஐம்பது ஐம்பது முள்ளங்கி விதைகளை எண்ணிப் போட்டு, ஒரே இடத்தில் வையுங்கள். நான்காம் நாள் முளைத்தவற்றை எண்ணி, சிலவற்றைப் பிடுங்கி வேர் நீளத்தை ஒப்பிடுங்கள். டிஷ்யூவில் நாற்பத்தைந்து முளைத்து புதிய பொருளில் முப்பது மட்டும் என்றால், அல்லது வேர் குட்டையாகப் பழுப்பேறியிருந்தால், அந்தப் பொருளில் உப்போ மக்காத எருவோ இருக்கக்கூடும். இரண்டிலும் குறைவு என்றால் விதைதான் பழசு. கம்போஸ்ட் முதிர்ந்துவிட்டதா என்று பார்க்க வேகமாக முளைக்கும் விதைகளைக் கொண்டு செய்யும் சோதனையும் இதே முறைதான்.

வெட்டிய பிறகு

அறுவடையின்போது ஊடகத்துக்கு ஒரு செ.மீ. மேலே, கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள். மிஞ்சுவது வேர் பின்னிய ஒரு கனத்த பாய். அதிலேயே அடுத்த விதையைத் தூவிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அழுகத் தொடங்கும் வேரும் முளைக்காமல் கிடக்கும் விதையும் பூஞ்சைக்கு நல்ல தீனி. பட்டாணி மட்டும் விலக்கு. கீழ்க் கணுவை விட்டுவைத்து வெட்டினால் அங்கிருந்து மறுபடி துளிர்த்து இன்னொரு அறுவடை தரும், முதல் தடவையைவிடக் கொஞ்சம் மெலிவாக.

நார்க்கழிவுப் பாயைக் கையால் பிய்த்துக் கம்போஸ்ட் தொட்டியில் போட்டால் சில மாதங்களில் வேரெல்லாம் மக்கி, பெரிய செடிகளின் தொட்டிக் கலவைக்கு அருமையாக உதவும். கம்போஸ்ட் தொட்டி இல்லாதவர்கள் அதைக் கவிழ்த்து, பூந்தொட்டியின் மேற்பரப்பில் மூடாக்காகப் போடலாம். சணல், மரநார் விரிப்புகள் மக்கக் கூடுதல் காலம் எடுக்கும் என்பதால் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். ட்ரேயைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மூலைகளில் ஒட்டிய வேரைப் பிரஷ்ஷால் எடுத்து, வெயிலில் முழுக்கக் காயவிட்ட பிறகே அடுத்த விதைப்புக்கு எடுங்கள்.